வெல்டுக்கு எக்ஸ்ரே உண்டு, வெல்டருக்கு இல்லை

பெங்களூருவின் வடமேற்கே உள்ள பீன்யா, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதன் குறுக்குத் தெருக்களில், இரண்டு ஷட்டர் அகலமே உள்ள பட்டறைகளுக்குள் நீலவெண் ஒளி விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கும். வாசலில் ஓர் இரும்புச் சட்டகம். அதை ஒருவர் வெல்டிங் செய்துகொண்டிருப்பார். ஒரு கையில் ஹோல்டர், மறு கையில் ஷீல்டு. எதிரே சட்டகம் அசையாதபடி பிடித்துக்கொண்டு ஹெல்பர் குந்தியிருப்பார். இரு கைகளும் வேலையில் இருக்கின்றன. ஷீல்டு பிடிக்க அவருக்கு மூன்றாவது கை இல்லை. ஒளி எழும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்றே அவருக்கு வாய்த்த பாதுகாப்பு.

வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகுதான் அதன் விளைவு தெரியும். நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல் எரியும், நீர் வழியும், விளக்கொளியைக் கூடப் பார்க்க முடியாது. உடன் தங்கியிருப்பவர்கள் உருளைக்கிழங்கை அரிந்து இமைமேல் வைப்பார்கள். மறுநாள் சிவந்த கண்ணோடு வருபவரிடம் மூத்த வெல்டர், “எல்லோருக்கும் வருவதுதான், பழகிவிடும்” என்பார். அப்படித்தான் அவரும் தொழில் கற்றார்.

இதே நகரில், இதே தொழிலில், வேறொரு காட்சியும் உண்டு. பாய்லர்களிலும் உயர் அழுத்தக் கலன்களிலும் போடப்படும் வெல்டு தரமானதா என்று அறிய எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உள்ளே மயிரிழை விரிசலோ ஊசிமுனை அளவு காற்றுக்குமிழோ இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். அந்த வெல்டு வெட்டி எறியப்பட்டு மீண்டும் போடப்படும். 1950ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குவிதிகள் இத்தகைய சோதனைகளைக் கட்டாயமாக்கியுள்ளன. அந்தப் படங்கள் கோப்புகளில் பத்திரமாக வைக்கப்படுகின்றன. அந்த வெல்டைப் போட்டவரின் நுரையீரல் எந்த நிலையில் உள்ளது என்பதற்குப் படமும் இல்லை, கோப்பும் இல்லை. இரும்பில் விழும் விரிசல் முதலாளிக்கு நட்டம். மனிதரின் நுரையீரலில் விழும் விரிசலுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. வெல்டிங் பாதுகாப்பு என்பதைக் கையுறை, கண்ணாடி பற்றிய அறிவுரையாகச் சுருக்கிவிடும் எவரும் இந்தக் கணக்கை மறைக்கவே உதவுகிறார்கள்.

ஒளி

மின்வில்லின் வெப்பம் 5,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அது வெளியிடும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுடுகிறது. வெயிலில் தோல் கன்றிப்போவது போன்ற காயம்தான் அது. வலி தெரிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆவதால், பட்டறையில் பட்ட காயம் வீட்டில் வந்த நோய் போலத் தோற்றமளிக்கிறது. ஓரிரு நாளில் பெரும்பாலும் ஆறிவிடும். ஆறிவிடுவதனாலேயே அது விபத்தாகப் பதிவாவதில்லை. விடுப்பும் கிடைப்பதில்லை, அன்றைய கூலிதான் போகிறது.

ஆனால் எல்லாக் காயமும் ஆறுவதில்லை. வில்லின் அகச்சிவப்புக் கதிர் ஆண்டுக்கணக்கில் பட்டால் கண்புரை உண்டாகும். வலி தாளாமல் மருந்துக்கடையில் மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தை வாங்கி மீண்டும் மீண்டும் விட்டுக்கொள்பவர்கள் கருவிழியையே பாழாக்கிக்கொள்கிறார்கள். தாய்ப்பால், உருளைக்கிழங்கு போன்ற கைவைத்தியங்கள் கிருமித்தொற்றை வரவழைக்கக் கூடும். குளிர்ந்த துணியை மூடிய கண்ணின்மேல் இட்டு, இருட்டில் ஓய்வெடுத்து, கண் மருத்துவரைப் பார்ப்பதே சரியான வழி.

தடுப்பதோ மிக எளிது. சாதாரண ராடு வெல்டிங்குக்கு 10 முதல் 12 வரையிலான எண்ணுள்ள கருப்புக் கண்ணாடி வேண்டும். ஆம்பியர் உயர உயர எண்ணும் உயர வேண்டும். வெயிலுக்கு அணியும் கூலிங் கிளாஸ் இதற்கு ஈடாகாது. கருப்புக் கண்ணாடியின் விலை சில பத்து ரூபாய்தான். கையால் பிடிக்கும் ஷீல்டுக்குப் பதிலாகத் தலையில் மாட்டும் ஹெல்மெட்டை வெல்டருக்கும் ஹெல்பருக்கும் தந்தால் இருவருக்கும் இரு கைகளும் கிடைக்கும். சட்டகத்தைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு நிறுத்தினால் ஹெல்பர் அந்த ஒளியின் எதிரே உட்கார வேண்டியதே இல்லை. வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றித் திரை கட்டினால் பக்கத்தில் டிரில் போடுபவரின் கண்ணும் தப்பும். கசடு தட்டும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் வெள்ளைக் கண்ணாடி அணிந்தால் இரும்புத் துணுக்கு கண்ணில் ஏறாது. இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. வெல்டிங்குக்கான கண், முகக் கவசங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1179 என்ற எண்ணில் 1960களிலேயே வந்துவிட்டது.

புகை

ஒளி அன்றிரவே தன்னைக் காட்டிக்கொள்கிறது. புகையோ இருபது ஆண்டுகள் காத்திருக்கும்.

வெல்டிங் புகை என்பது ஆவியாகிய உலோகம். ராடும் இரும்பும் உருகிக் கொதித்து எழும் ஆவி காற்றில் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகி, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்கிறது. ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை வருகிறது. அன்று மாலையே குளிர் நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை, மறுநாள் சரியாகிவிடும், விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மீண்டும் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலிருந்து குரோமியமும் நிக்கலும் வருகின்றன. சாதாரண இரும்பிலிருந்தும் ராடிலிருந்தும் மாங்கனீசு வருகிறது. அது ஆண்டுக்கணக்கில் மூளையில் படிந்தால் கை நடுங்கும், நடை தடுமாறும், முகம் இறுகும். டிரைகுளோரோஎத்திலின் போன்ற குளோரின் கரைப்பானால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த இரும்பை உடனே பற்றவைத்தால், புற ஊதாக் கதிர் பட்டு அந்த ஆவி பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறக் கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1989இல் வெல்டிங் புகையைப் ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்’ என்ற வகையில் வைத்திருந்தது. 2017இல் அதை முதல் வகைக்கு உயர்த்தியது: மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை உள்ள பட்டியல் அது, கல்நாரும் புகையிலையும் இருக்கும் பட்டியல். வெல்டிங்கின் புற ஊதாக் கதிரும் அதே பட்டியலில் உள்ளது. இதையடுத்து பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் 2019 பிப்ரவரியில் தன் நடைமுறையை மாற்றியது. சாதாரண இரும்பை வெல்டிங் செய்தாலும், கதவு, சன்னல் திறந்திருப்பது போதாது, புகை எழும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி வேண்டும் என்று அறிவித்தது. வெல்டர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி போடவும் அந்நாட்டில் பரிந்துரை உள்ளது.

இங்கே என்ன தரப்படுகிறது? வெல்லமும் வாழைப்பழமும், கொஞ்சம் பெரிய ஆலையாக இருந்தால் ஒரு டம்ளர் பால். புகையைப் பால் கழுவிவிடும் என்ற நம்பிக்கை தொழிலாளரிடமும் ஊன்றியிருக்கிறது. பால் செல்லும் வழி இரைப்பைக்கு, புகை செல்லும் வழி நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை. பால் சத்தான உணவு. அது கூலியின் பகுதியாகக் கிடைக்கட்டும். புகை உறிஞ்சும் குழாய்க்கு அது ஒருபோதும் ஈடாகாது.

மின்விசிறி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கார்பன்டை ஆக்சைடு வாயுவைக் கவசமாகப் பயன்படுத்தும் வெல்டிங்கில் விசிறிக் காற்று அந்த வாயுவைக் கலைத்து வெல்டைக் கெடுத்துவிடும். எனவே வெல்டின் தரத்துக்காக விசிறி நிறுத்தப்படுகிறது. மூடிய அறையில் புகை வெல்டரின் முகத்துக்கு நேராக எழுகிறது. வெல்டைக் கெடுக்காமல் புகையை மட்டும் இழுக்கும்படி வில்லின் அருகில் பொருத்தும் உறிஞ்சுகுழாயே இதற்குத் தீர்வு. அதன் விலையைக் கொடுக்க ஆளில்லை என்பதே சிக்கல்.

மின்சாரம்

வெல்டிங் மெஷினில் அதிர்ச்சி ‘சும்மா கடிக்கும்’ என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. வேலை நடக்கும்போது வில்லில் இருப்பது 20, 30 வோல்ட்தான். வில் அணைந்து மெஷின் சும்மா இருக்கும்போதோ ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். தேய்ந்த ராடை மாற்றும் நொடியில் வெல்டரின் கை தொடுவது இந்த மின்னழுத்தத்தைத்தான். வியர்வையில் நனைந்த கையுறை, ஹவாய் செருப்பு, மழையில் ஊறிய தரை, சுற்றிலும் இரும்பு என்றிருந்தால் அது உயிரைக் குடிக்கப் போதும். மாறுமின்னோட்டத்தில் ஓடும் பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின்களில் ஆபத்து இன்னும் கூடுதல்.

இதில் பரவலான ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. சுவிட்ச் போர்டில் இ.எல்.சி.பி. இருந்தால் பயமில்லை என்று எண்ணுகிறார்கள். அது மெஷினுக்கு வரும் 230 வோல்ட் கசிந்தால் காக்கும். அது கட்டாயம் வேண்டும். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் ஹோல்டர் பக்கத்தில் ஏற்படும் அதிர்ச்சியை அது அறியாது. அதற்கு மெஷின் சும்மா இருக்கும்போது மின்னழுத்தத்தைத் தானே குறைக்கும் சாதனம் தேவை. அதேபோல் பட்டறையில் ‘எர்த்’ என்று அழைக்கப்படும் கிளாம்ப் உண்மையில் எர்த் அல்ல. அது மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பும் பாதை. வெல்டு போடும் இடத்துக்கு மிக அருகில், துரு சுரண்டிய இரும்பில் அதை இறுக்க வேண்டும். கட்டடத்தின் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால், மின்னோட்டம் எங்கெங்கோ சுற்றி வேறு யாரோ தொடும் இரும்பின் வழியே திரும்பும். மெஷினின் உடலுக்கு எர்த் தனியே வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36ஏ பிரிவில், தொட்டி, குழி, குழாய் போன்ற குறுகிய இடங்களுக்குள் போதிய பாதுகாப்புச் சாதனம் இன்றி 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையோ மின்கருவியையோ பயன்படுத்தக் கூடாது என்றது. அத்தகைய தொட்டிக்குள் இறங்கும் வெல்டரின் கையில் உள்ள ஹோல்டரில் இருப்பது அதைப்போல் மூன்று மடங்கு. வெளியே ஒருவர் சுவிட்ச் அருகில் நிற்காமல், உள்ளே காற்று செலுத்தாமல் எவரையும் தொட்டிக்குள் அனுப்புவது கொலைக்கு ஒப்பானது.

தீப்பொறி

2021 ஜனவரி 21 அன்று புனே சீரம் நிறுவன வளாகத்தில், கட்டி முடிக்கப்படாத கட்டடம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். வெல்டிங் பொறி காரணமாக இருக்கலாம் என்று அப்போதே சொல்லப்பட்டது. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் விளையாட்டுக் கூடம் ஒன்று எரிந்து 27 உயிர்கள் பலியாயின. குழந்தைகளும் அதில் அடக்கம். மக்கள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தபோதே மேலே வெல்டிங் நடந்தது. பொறி கீழே இருந்த தெர்மோகோல் மீது விழுந்தது. குஜராத் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு முதலில் தேடப்படுபவர் வெல்டர். அந்த இடத்தில் வேலையைத் தொடங்க அனுமதித்தவர் யார், தெர்மோகோலை அகற்றாதவர் யார், கூடத்தைக் காலி செய்யாதவர் யார் என்ற கேள்விகள் பின்னால் வருகின்றன. பொறி பத்து மீட்டருக்கு அப்பாலும் தெறிக்கும். இடுக்கில் புகுந்து கனன்று, எல்லோரும் போன பின் பற்றும். எனவே சுற்றிலும் எரியக்கூடியவற்றை அகற்றுவது, அகற்ற முடியாதவற்றை மூடுவது, வாளித் தண்ணீரோடும் தீயணைப்பானோடும் ஒருவரை நிறுத்துவது, வேலை முடிந்த பின்னும் குறைந்தது அரை மணி நேரம் அவர் அங்கிருந்து கவனிப்பது ஆகியவை விதிமுறைகள். அந்த ஒருவருக்கும் கூலி தர வேண்டும் என்பதால் அவர் எங்கும் நிறுத்தப்படுவதில்லை. பெட்ரோலோ தின்னரோ இருந்த பீப்பாயை முழுவதும் சுத்தம் செய்து ஆவியை வெளியேற்றாமல் பற்றவைக்கக் கூடாது என்பதும் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவில் எழுதப்பட்டதே.

சட்டத்துக்கு வெளியே நிற்கும் பட்டறை

ஆக, தெரியாமல் நடப்பது இங்கு எதுவுமில்லை. புகை எழும் இடத்துக்கு மிக அருகிலேயே உறிஞ்சும் கருவி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொன்னது. கண்பாதுகாப்பை 35ஆம் பிரிவு சொன்னது. இந்தப் பிரிவுகள் பீன்யாவின் சிறு பட்டறைகளுக்குள் ஏன் நுழையவில்லை? மின்சாரம் கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. ஏழு பேர் வேலை செய்யும் வெல்டிங் பட்டறை சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே அல்ல. வில்லின் வெப்பமோ புகையின் நச்சோ ஆட்களை எண்ணிப் பார்த்துக் குறைவதில்லை.

இந்த ஓட்டையை அடைப்பதற்குப் பதிலாக ஒன்றிய பாஜக அரசு அதை அகலப்படுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றான 2020ஆம் ஆண்டின் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கையை மின்சாரம் உள்ள இடங்களில் 20 ஆகவும், இல்லாத இடங்களில் 40 ஆகவும் உயர்த்தியது. ஆய்வாளர் என்ற பெயர் ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்’ ஆயிற்று. எங்கே ஆய்வு என்பதைக் கணினி தற்போக்கில் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. நாற்பது வயது கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்பதைப் பெரிய சாதனையாக விளம்பரம் செய்கிறார்கள். பதினெட்டு வயதில் ஷீல்டு இல்லாமல் தொழிலுக்கு வரும் ஹெல்பர், அந்தப் பரிசோதனைக்குத் தகுதி பெறும்போது இருபத்திரண்டு ஆண்டுப் புகையை விழுங்கியிருப்பார்.

மாநில அரசுகளும் பின்தங்கவில்லை. 2023 பிப்ரவரியில், அன்றைய பாஜக ஆட்சியில், கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. மூன்று மாதங்களுக்கான மிகைநேர வரம்பை 75 மணியிலிருந்து வெகுவாக உயர்த்தியது. வெல்டருக்கு வேலைநேரம் என்பது புகையின் அளவு. எட்டு மணி நேரம் சுவாசிப்பவருக்கும் பன்னிரண்டு மணி நேரம் சுவாசிப்பவருக்கும் உள்ள வேறுபாடு சம்பளச் சீட்டில் மட்டும் தெரிவதல்ல. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஏப்ரலில் இதேபோன்ற மசோதா நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். எதிர்த்தால் திரும்பும் என்பதற்கு அது சான்று.

யார் கொடுக்க வேண்டிய விலை

சிறு பட்டறை முதலாளிகள் ஒரு வாதம் வைப்பார்கள். அதைத் தட்டிக்கழிக்க இயலாது. அவர்களில் பலர் நேற்றுவரை வெல்டராக இருந்தவர்கள். இன்றும் ஹோல்டர் பிடிப்பவர்கள். அதே புகையைச் சுவாசிப்பவர்கள். பெரிய நிறுவனம் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசி ஆர்டர் தருகிறது. பணம் வர மாதங்கள் ஆகின்றன. இதில் உறிஞ்சுகுழாய்க்கு எங்கே போவது என்கிறார்கள்.

விடை அந்த வாதத்திலேயே இருக்கிறது. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் வளர்த்த நகரம் பெங்களூரு. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாட்கள் நீடித்த பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இந்நகர வரலாற்றில் அழியாதது. அத்தகைய ஆலைகளில் மருத்துவமனையும் கேன்டீனும் சங்கமும் இருந்தன. பின்னர் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தரப்பட்டது. பாகங்கள் சிறு பட்டறைகளில் செய்யப்பட்டன. வேலை வெளியே போனபோது அதனோடு பாதுகாப்பு போகவில்லை. ஆபத்து மட்டும் போனது. வெல்டின் தரத்தை ஆய்வு செய்யத் தன் ஆளைப் பட்டறை வரை அனுப்பும் நிறுவனம், அந்தப் பட்டறையில் புகை உறிஞ்சி உண்டா என்று பார்க்க ஏன் அனுப்பக் கூடாது? தரச் சான்று இல்லாத பாகத்தை ஏற்க மறுப்பவர்கள், பாதுகாப்பற்ற பட்டறையில் செய்த பாகத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதற்கான செலவு, தரும் விலையில் சேர வேண்டும்.

கையுறையும் கண்ணாடியும் பாதுகாப்பின் கடைசி வரிசை. முதல் வரிசை, ஆபத்தையே அகற்றுவது. அடுத்தது, தடுப்பும் உறிஞ்சியும் வைப்பது. அதன்பின் வேலைநேரத்தைக் குறைத்து ஆட்களை மாற்றிமாற்றி அமர்த்துவது. எல்லாம் செய்த பின் எஞ்சும் ஆபத்துக்கே உடற்கவசம். முதலாளித்துவம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. கவசத்தைக் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டால், விபத்தன்று “அவர் போடவில்லை” என்று சொல்லிவிடலாம். உடலோடு ஒட்டும் வெப்பத்தில், பொருந்தாத அளவில், வியர்வை கண்ணை மறைக்க, பீஸ் கணக்கில் கூலி பெறுபவர் அதை ஏன் கழற்றுகிறார் என்று எவரும் கேட்பதில்லை.

தோழர்களின் பணி

இவ்விடத்தில் தொழிற்சங்க இயக்கமும் தன்னைத்தானே விமர்சித்துக்கொள்ள வேண்டியுள்ளது. கோரிக்கை மனுவில் ஊதியமும் போனசும் முதலில் வருகின்றன. பாதுகாப்பு பதினைந்தாவதாக, ஒற்றை வரியில் நிற்கிறது. பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவதும் அதுவே. சில இடங்களில் அது ‘அபாயப்படி’யாக மாறிவிடுகிறது. மாதம் சில நூறு ரூபாய்க்கு நுரையீரலை விலைபேசும் ஒப்பந்தம் அது. புகை நீங்க வேண்டும். புகைக்கு விலை தேவையில்லை.

தொழிற்பேட்டைப் பகுதிகளில் இயங்கும் கிளைகள் உடனே தொடங்கக்கூடிய பணிகள் பல உண்டு. தம் பகுதியில் எத்தனை பட்டறைகள், எத்தனை வெல்டர்கள், எத்தனை ஹெல்பர்கள், எந்த மொழியினர் என்ற கணக்கை எடுப்பது முதற்பணி. அந்தப் பட்டறைகளில் தர்மபுரி, கிருஷ்ணகிரித் தமிழரோடு பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசத் தொழிலாளரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபத்தை விளக்கும் துண்டறிக்கை கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா மொழிகளில் படங்களோடு வர வேண்டும். காலையில் மெஷினைப் போடுமுன் பார்க்க வேண்டியவை அதில் இருக்கட்டும்: கேபிள் உரிந்திருக்கிறதா, ஹோல்டரின் காப்பு உடைந்திருக்கிறதா, உடல் எர்த் உண்டா, திரை உண்டா, புகை முகத்துக்கு வருகிறதா, பக்கத்தில் எரியும் பொருள் இருக்கிறதா, ஹெல்பருக்குக் கண்ணாடி உண்டா.

இரண்டாவது, பதிவு. மாங்கனீசு நச்சு, தொழிலால் வரும் ஆஸ்துமா, அகச்சிவப்புக் கதிரால் வரும் கண்புரை ஆகியவை 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் தொழில்நோய்களாகச் சேர்க்கப்பட்டிருந்தன. இழப்பீடு பெற, எங்கே, எத்தனை ஆண்டு, எந்த உலோகத்தில் வேலை செய்தார் என்ற சான்று வேண்டும். பட்டறை மாறி மாறிப் போகும் தொழிலாளியிடம் அது இருப்பதில்லை. ஒவ்வொரு வெல்டரும் ஒரு நோட்டில் தான் வேலை செய்த இடத்தையும் காலத்தையும் எழுதிவைக்கச் சங்கம் பழக்க வேண்டும். பீன்யா, ராஜாஜிநகர் இஎஸ்ஐ மருத்துவமனைகளில் இருமலோடு வருபவரிடம் “என்ன வேலை?” என்று மருத்துவர் கேட்கவும், அதைச் சீட்டில் எழுதவும் வற்புறுத்த வேண்டும்.

மூன்றாவது, கோரிக்கைகள். ஆட்களின் எண்ணிக்கை எதுவாயினும் வெல்டிங் நடக்கும் எல்லா இடங்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் பொருந்த வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே கண், நுரையீரல் பரிசோதனை வேண்டும். ஆர்டர் தரும் பெரிய நிறுவனமே பாதுகாப்புச் செலவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். சிறு பட்டறைகளுக்குப் புகை உறிஞ்சி வாங்க அரசு மானியமும், தொழிற்பேட்டை தோறும் பொதுவான வெல்டிங் கூடமும் வேண்டும். தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புக் குழு வேண்டும். உயிருக்கு ஆபத்து எனில் கூலி இழக்காமல் வேலையை நிறுத்தும் உரிமை வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, உடனடி ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு தருகிறது. புதிய தொகுப்பு தருவதோ, ஆபத்து என்று முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமையை மட்டுமே. அந்தச் சிறு உரிமையையும் தனியொருவர் பயன்படுத்தினால் மறுநாள் வேலை இருக்காது. பட்டறையில் உள்ள எல்லோரும் சேர்ந்து, தெருவில் உள்ள எல்லாப் பட்டறைகளும் சேர்ந்து பயன்படுத்தினால் அது ஆயுதமாகும்.

கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் பாறையைக் குடைந்தார்கள். பாறைத் தூசு அவர்கள் நுரையீரலைக் கல்லாக்கியது. எடுத்த தங்கத்துக்குக் கடைசிக் குன்றிமணி வரை கணக்கு இருந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, கிருஷ்ணராஜபுரத்திலும் கண்டோன்மென்டிலும் இறங்கி, நகரத்தின் பட்டறைகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் பிரிந்து போகிறார்கள். தாத்தாவின் நுரையீரலில் பாறைத்தூசு. பேரனின் நுரையீரலில் இரும்புப் புகை. முன்னதைத் தடுக்கும் காலம் கடந்துவிட்டது. பின்னதைத் தடுக்கக் காலம் இருக்கிறது. நாளைக் காலை அந்த ரயிலிலும் அந்தத் தெருவிலும் துண்டறிக்கையோடு நிற்கும் தோழரிடமிருந்து அது தொடங்கட்டும்.